மீரானிடம் கொடுத்த வேட்டி

இதனால் சகலமான பொதுமக்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஐந்தருவியில் வசிக்கும் பெரிய குரங்கு ஒன்றுக்கு முந்தாநாள் முதல் தடுமன் பிடித்திருக்கிறது. அது தும்மும்போது கீழே குளிப்பவர்கள் பீதியடைய வேண்டாம்.

மேற்படி அறிவிப்பை டின் தட்டிச் செய்தது நான்தான். எனக்கு இப்படியொரு பழக்கம் உண்டு என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும் என்பதால் அதை முதலில் எழுதினேன். பெயரும் ஊரும்தான் முதலில் வர வேண்டும் என்று இந்தப் போலீஸ் நிலையத்து ஏட்டையா சொல்கிறார். நான் சொல்ல அவர் எழுதுவதாகத்தான் ஏற்பாடு. என் வாய்க்கு அவர் பேனா ஈடுகொடுக்கவில்லை. ஆகவே காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "நடந்தத மட்டும் வரிசையா எழுதுலே" என்று சொல்லி எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

என் பெயர் குத்தாலிங்கம். தகப்பனார் பெயர் உச்சிமாகாளி. வயது பதினேழு. இருப்பிடம் மேலகரம், கீழத்தெரு. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., அதன் வாசல் வரை. தொழில், குற்றாலம் சீசனில் வல்லிநாயகம் அண்ணாச்சி கடையில் எண்ணெய் விற்பது. உபதொழில், எண்ணாமல் பேசுவது.

என்னோடு அதே கடையில் வேலை பார்க்கும் மீரான் என்பவன், ராயகிரி கோமதிநாயகம் அவர்களின் துணிமூட்டையைத் திருடிக்கொண்டு ஓடியதாகப் பிடிபட்டு, நேற்று இரவு முதல் இந்த நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறான். மூட்டையில் வேட்டி, சட்டை, கைக்கடிகாரம், கல்வைத்த மோதிரம் ஆகியவை இருந்தன. அவன் திருடவில்லை. அதற்குக் காரணமான ஆள் நான். அந்த விவரம் பின்வருமாறு.

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் முதலில் எண்ணெய் தேய்ப்பார்கள். அதற்கு முன் துணியையும் நகையையும் கழற்றி யாரிடமாவது கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுக்கிறார்களோ அவரிடமே எண்ணெயும் வாங்குவார்கள். சீட்டு கிடையாது, அடையாளம் கிடையாது. எண்ணெய் தேய்த்துத் துண்டு கட்டிவிட்டால் தாசில்தாரும் அவருக்குச் சமைத்துப் போடும் தவசுப்பிள்ளையும் ஒன்றுதான். அதிலும் சாரல் விழும் நாளில் மேகம் மலையை விட்டு இறங்கிக் கடைத்தெருவில் நடக்கும். அருவியின் இரைச்சல் மற்ற எல்லாச் சத்தத்தையும் தின்றுவிடும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக, அப்போதுதான் அபிஷேகம் முடிந்த சிலைகள் எழுந்து வருவதுபோல, மின்னிக்கொண்டு சத்தமில்லாமல் வருவார்கள். யார் எவர் என்று எனக்குத் தெரியாது. மீரானுக்குத் தெரியும். அவர்கள் வாய் திறக்கும் முன்பே அவரவர் மூட்டையை எடுத்து நீட்டுவான்.

சாரலை விட்டுவிட்டுச் சங்கதிக்கு வரும்படி ஏட்டையா சொல்கிறார். வருகிறேன்.

மீரானுக்கு விற்கத் தெரியாது என்பது என் அபிப்பிராயமாக இருந்தது. எண்ணெய் கேட்டு வருகிறவரிடம் காய்ச்சல் கண்டு எழுந்தவரா என்று விசாரிப்பான். ஆமாம் என்றால், இந்தத் தடவை எண்ணெய் வேண்டாம், வெறும் தண்ணீரில் நின்றுவிட்டுப் போங்கள் என்பான். பெரிய பாட்டில் கேட்டால், இது போன வாரம் ஆட்டியது, நாளைக்குப் புதுசு வருகிறது, இன்றைக்குச் சின்னது போதும் என்பான். இப்படியே போனால் கடையை மூடிவிட்டு நாமும் குளிக்கப் போகலாம் என்று அண்ணாச்சியிடம் முறையிட்டேன். அண்ணாச்சி வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு, "அவன்ட்ட வாங்கினவன் மறுவருசமும் அவனத் தேடிட்டு வாரான். ஒன்ட்ட வாங்கினவன் ஒருத்தனக் காட்டுலே" என்றார். அதற்கு நான் பதில் சொன்னேன். பதில் பொருந்தவில்லை என்பதால் எழுதவில்லை.

அதன் பிறகு இந்த 1958ஆம் வருஷத்துச் சீசனில் அண்ணாச்சி வியாபாரத்தை இரண்டாகப் பிரித்தார். பேரருவியில் மீரான். பழைய அருவியில் நான், எனக்குக் கீழே இரண்டு பையன்கள். அவர்களுக்கு நான் பயிற்சி கொடுத்தேன். எந்தப் பாட்டிலையும் கடைசிப் பாட்டில் என்று சொல்ல வேண்டும்; எண்ணெயில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மலைமேல் கைகாட்டிப் பெருமூச்சு விட வேண்டும்; கூட்டம் சேராவிட்டால் டின் தட்டி ஏதாவது அறிவிக்க வேண்டும். கடையின் விற்பனையில் பாதிக்கு மேல் என் வாயால் நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நேற்று பிற்பகல் பழைய அருவியில் ஆள் இல்லை. கூட்டம் முழுவதும் பேரருவியில் நின்றது. என் பையன்கள் ஒருவர் தலையில் ஒருவர் எண்ணெய் தேய்த்து விளையாடினார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆகவே காலி டின்னை எடுத்துக்கொண்டு பேரருவிக்குப் போய், மேகம் அடர்ந்த இடமாகப் பார்த்து நின்று, மலைமேல் பெருமழை என்றும், வெள்ளம் இறங்குகிறபடியால் பேரருவியில் குளிக்கத் தடை என்றும், சகலரும் உடனே பழைய அருவிக்குப் போகவும் என்றும் அறிவித்தேன். மேகத்துக்குள் நின்று பேசினால் எவன் குரலும் சர்க்கார் குரல்தான். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். துண்டு கட்டிய, எண்ணெய் வழிகிற மனிதர்கள் குதிரை வண்டிகளிலும் கார்களிலுமாகச் சாரலுக்குள் வரிசையாக மிதந்து போனதைப் பார்த்தேன். ஒரு ஊரே தூக்கத்தில் எழுந்து நடப்பதுபோல் இருந்தது. அதைச் செய்தது நான் என்பதில் எனக்கு ஒரு கிறக்கம் உண்டானது.

மற்றவர்கள் மீரானிடம் மூட்டையை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். கோமதிநாயகம் அவர்களை மட்டும் அவருடைய மச்சினன் அவசரப்படுத்தி வாடகைக் காரில் ஏற்றிவிட்டார். அவர் காருக்குள்ளிருந்து மீரானுக்குக் கை காட்டினார். மீரானும் கை காட்டினான். மூட்டை அவனிடமே இருக்கட்டும் என்பது அதன் பொருள்.

அதன் பிறகு நானும் ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டு பழைய அருவிக்குப் போய்ப் பாட்டில்களை வரிசையாக வைத்தேன். ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே எண்ணெய் தேய்த்தவர்கள். இதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை.

சாயங்காலம் எரிச்சலோடு பேரருவிப் பக்கம் திரும்பி வந்தேன். மீரான் அவனுடைய வழக்கமான கல்லில் உட்கார்ந்திருந்தான். குடை மூட்டைக்குப் பிடிக்கப்பட்டிருந்தது. அவன் நனைந்துகொண்டிருந்தான். ராயகிரிக்காரரைப் பார்த்தாயா என்று கேட்டான். அவர் பழைய அருவியில் குளித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். ஆனாலும் நான் சொன்னது இது:

"அவுகளா? துண்டோடயே ஊருக்குப் பஸ் ஏறிட்டாவலே. ராயகிரி போய்ச் சேருத வரைக்கும் சீட்டுல வழுக்கிட்டேதான் போணும்."

மீரான் சிரிக்கவில்லை. "நாளைக்கு மகளுக்கு நிச்சயதாம்பூலம்னு சொன்னாவளே. மோதிரம் இல்லாம என்ன செய்வாவ" என்றான். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பொய் சொல்லாதவன் என்பதால் பிறர் சொல்வதையும் இரண்டாம் தடவை கேட்க மாட்டான். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு தென்காசிச் சாலையில் இறங்கி நடந்தான். சாரல் அவனைக் காலிலிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. குடை மட்டும் சற்று நேரம் தெரிந்தது. கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சாரல் உள்ளே போனது. மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு கோமதிநாயகம் அவர்கள் மச்சினன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கல் காலியாக இருந்தது. பையன் மூட்டையோடு தென்காசிப் பக்கம் போனான் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். அவர் இங்கே வந்து புகார் கொடுத்தார். காவலர்கள் அவரையும் கூட்டிக்கொண்டு தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, ராயகிரி வழியிலுள்ள புளியங்குடிக்குப் புறப்பட நின்ற பஸ்ஸில் மீரான் மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தான். எங்கே போகிறாய் என்றதற்கு ராயகிரிக்கு என்றான். இவர் ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு மூட்டையைக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். தான் பஸ்ஸே ஏறவில்லை, இவனுக்கு யார் அப்படிச் சொல்ல முடியும் என்று அவர் கேட்டார். பார்க்கப்போனால் நியாயமான கேள்வி. யார் சொன்னது என்று காவலர்களும் கேட்டார்கள். சொன்னவரும் தெரியாமல் சொல்லியிருப்பார் என்று மட்டும் மீரான் சொல்லியிருக்கிறான். என் பெயரைச் சொல்லவில்லை.

கோமதிநாயகம் அவர்கள் மூட்டையை வாங்கிக்கொண்டார் என்றும், அவனை அடிக்கவில்லை என்றும், "ஒன்ட்டதானப்பா வருசா வருசம் குடுக்கேன்" என்று ஒரு தடவை சொன்னார் என்றும், அதற்குப் பிறகுதான் மீரான் தலை குனிந்தான் என்றும், இன்னும் நிமிரவில்லை என்றும் ஏட்டையா என்னிடம் தெரிவித்தார். இப்போதும் இந்த ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிகிறது.

ஆகவே வெள்ளம் என்று அறிவித்தவன் நான். பஸ் ஏறிவிட்டார் என்று சொன்னவன் நான். மீரானை விட்டுவிட வேண்டும் என்றும், அவன் பேச்சு உண்மை என்பதைக் கோமதிநாயகம் அவர்களை அழைத்து அவன் முன்னிலையிலேயே தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு உண்டானதை நான் வாங்கிக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன் மேலே ஒரு வரியை அடிக்க அனுமதி கேட்டேன். விற்பனையில் பாதிக்கு மேல் என் வாயால் நடந்தது என்ற வரி. வாக்குமூலத்தில் அடித்தல் திருத்தல் கூடாது, வேண்டுமானால் கீழே சேர்த்து எழுது என்று ஏட்டையா சொன்னார். சேர்த்து எழுதுகிறேன்.

இன்று காலை மீரான் பிடிபட்ட சேதி கடைக்கு வந்ததும் அண்ணாச்சி என்னைப் பேரருவியில் நிறுத்தினார். மீரானின் கல்லில் ஏறி நின்று, கைவசம் இருந்த அறிவிப்புகள் எல்லாவற்றையும் செய்தேன். கூட்டம் கூடியது. நன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மீரான் எங்கே என்று கேட்டார்கள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான் சிரித்துவிட்டு அவனிடம் போய் வாங்கியிருக்கிறார்கள். அதை என் விற்பனை என்று நான் நினைத்திருக்கிறேன். கடைசியாக ஒருவர் கையில் மூட்டையோடு வந்து அவனைத் தேடினார். "நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, எங்கிட்ட குடுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூட்டையைத் தன் தலையில் வைத்து, துண்டால் தாடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அப்படியே அருவிக்குள் போனார். சட்டை, வேட்டி, மணிபர்ஸ் எல்லாம் நனைந்தது. நான் கல்லை விட்டு இறங்கி நேரே இங்கே வந்தேன்.

அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னிடம் கொடுத்திருக்க மாட்டேன்.

அடிக்க முடியாமல் போன அந்த ஒரு வரி தவிர மேலே எழுதியது முழுவதும் நடந்தது. ஏட்டையா படித்தார், நானும் படித்துப் பார்த்தேன்.

(ஒப்பம்) உ. குத்தாலிங்கம்