இரண்டாவது பாலம்

எனக்கு மாடிப்படி ஏறுவது பிடிக்காது, ஐயா. பிறர் ஏறுவதைப் பார்ப்பதும் பிடிக்காது. எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் இரண்டு நெட்வொர்க். இதய வார்டில் நோயாளிகளின் கருவிகளுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வார்டிலேயே ஒரு பிரிண்டர் இருந்தும், அது அலுவலக நெட்வொர்க்கைச் சேர்ந்தது. வார்டின் தலைமை நர்ஸ் அக்கா ஒரு தாள் அச்சடிக்க அலுவலகக் கம்ப்யூட்டருக்கு இரண்டு மாடி இறங்கி ஏறுவார். முழங்கால் வலிக்காரர். இணைப்பு கேட்டு மனு கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஒதுக்கிப் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகினேன். ஒன்றில் வார்டின் கேபிள், மற்றதில் அலுவலகத்தின் கேபிள். இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கம் தள்ளிவிடும், பாலம் என்போம். கேபிள் அறையில் பழைய ஃபைல்களுக்குப் பின்னால் வைத்தேன். அனுமதி கேட்டால் இன்னொரு எட்டு மாதம்.

"நீ நல்லா இருப்படா" என்றார் அக்கா. நான்காம் கட்டிலில் இருந்த பழைய பஸ் கண்டக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவுக்கு வழி பண்ணிட்ட. எனக்கு ஒரு ஜன்னல் சீட்டு பாரு மாப்ள."

கதவருகே கிடந்த அவர் கட்டிலை நானே ஜன்னல் ஓரம் தள்ளினேன். நான் கெட்டவன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் கிழட்டு மாடு. எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது. அது படுத்தால் அக்கா மறுபடி படியேற வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமென்று, செவ்வாய்க்கிழமை காலை அதன் பக்கத்திலேயே இரண்டாவது பாலத்தையும் இணைத்தேன்.

அதுதான் தப்பு. முதல் பாலம் அந்தப் பக்கம் தள்ளிய செய்தியை இரண்டாவது திருப்பிக் கொண்டுவந்தது. அதை முதலாவது மறுபடி தள்ளியது. செய்திகள் செக்குமாடாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி, ஒரு நிமிடத்தில் வழியே அடைத்துப்போனது. எல்லாக் கட்டில்களின் இதயத் துடிப்பும் தெரியும் நர்ஸ்களின் மேசைத் திரை உறைந்தது. நான்காம் கட்டிலுக்கு நேரே எழுபத்திரண்டு என்று நின்றது, நல்ல எண். நோயாளிகள் தூங்கட்டுமென்று கட்டிலருகே ஒலியைக் குறைத்து வைப்பது அங்கே வழக்கம். எச்சரிக்கை மேசைக்குத்தான் வரும்.

ஒரே ஒரு கேபிளைப் பிடுங்கினால் போதும். எனக்குத் தெரியும். கை நீட்டும்போது என் சீனியர் உள்ளே வந்துவிட்டார்.

"ஏதாவது கை வச்சியாடா?"

"இல்லண்ணே."

சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் கண்ணெதிரில் எப்படிப் பிடுங்குவது? அவர் ஒவ்வொரு கேபிளாகச் சோதித்தார். நான் டார்ச் பிடித்தேன். வெளிச்சம் ஃபைல்கள் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன். பதினொரு நிமிடம் கழித்து அவர் டெஸ்டர் எடுக்கப் போனார். பிடுங்கினேன். திரை உயிர் பெற்றது. நான்காம் கட்டிலின் கோடு மட்டும் நேராக ஓடியது.

கட்டில் கதவருகே இருந்திருந்தால் போகிற வருகிறவர்கள் யாராவது பார்த்திருப்பார்கள் என்று அக்கா அழுதார். கட்டிலைத் தள்ளியது நான்தான். பாலம் இரண்டும் போட்டது நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பதினொரு நிமிடமும் நான் எதையும் தொடவில்லை, ஐயா. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.