எதிர்த் தொட்டில்

நடுச்சாமம் தாண்டியிருக்கும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வருகிற சாலை. இரண்டு பக்கமும் புளியமரங்கள்... நிலா இருந்தாலும் கீழே வெளிச்சம் விழாது. அந்தச் சாலையில் ஒரு மனிதர் தனியாக நடந்து வருகிறார்...

இப்படித்தான் நான் ஆரம்பித்தேன். சேக் மைதீன் சிரித்துவிட்டான்.

"என்ன மாப்ள, ராட்டினத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம், நீ பேயக் கூட்டியாறே?"

"ராட்டினத்தப் பத்தித்தான்டா சொல்றேன். வாய மூடிக்கிட்டுக் கேளு."

என் குரலைக் கேட்டு அவன் சிரிப்பு நின்றது. எனக்கு அவ்வளவு கோபம். ஏன் என்று சொல்கிறேன்.

சித்திரைத் திருவிழா முடிந்து, வைகை மணலில் கடைகளைப் பிரிக்கிற ராத்திரி அது. நான் திருவிழாவுக்குத் திருவிழா வளையல் கடை போடுகிறவன். சேக் மைதீன் என் மச்சான், செல்லூரில் தறி நெய்கிறான். காளை கீரைத்துறையில் மூட்டை தூக்குகிறான். மூன்று பேருக்கும் ராட்டினப் பைத்தியம். எந்த ஊரில் மரம் நட்டுத் தொட்டில் கட்டினாலும் போய் ஏறிவிடுவோம். இறங்கி வந்து, எது உசத்தி எது மட்டம் என்று விடிய விடியச் சண்டை போடுவோம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

அன்றைக்கும் அதே சண்டைதான். உடைந்த பெட்டிப் பலகைகளைப் போட்டுத் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் கடைக்காரர்களும் சிலர் வந்து ஒண்டிக்கொண்டார்கள். வண்டியூர்த் தெப்பத்துக்கு வரும் ராட்டினத்தில் ஏறினால் வயிறு மேலேயே தங்கிவிடும் என்றேன் நான். திருமங்கலத்து ராட்டினம் கிரீச்சென்று கத்துகிற கத்தலிலேயே பாதிப் பயம் வந்துவிடும் என்றார் பொரிகடைக்காரர். குடை ராட்டினமெல்லாம் ஒரு ராட்டினமா, அது குழந்தைகள் எச்சில் ஒழுக உட்காருகிற சமாச்சாரம் என்றான் மைதீன். அதற்கு மேல்தான் அவன் இதைச் சொன்னான்.

"அதெல்லாம் விடு மாப்ள. இன்னைக்கு அந்தக் கடைசியில நிக்கிது பாரு, பச்சச் சாயம் அடிச்சது. அதுதான் ராட்டினம்! நம்ம காளை ஒத்தையாத்தான் ஏறுனான். எதிர்த் தொட்டில் காலி. கீழ நின்னு பாத்தேன். ஒரு குலுக்கல் இல்ல. எண்ணெய்ல வழுக்குன மாதிரி சுத்துது. இம்புட்டு நாள்ல அப்படி ஒண்ண நான் பாத்ததில்ல."

காளை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான். எங்கேயோ நினைப்பாகத் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஒரே ஒரு கொறை," என்றான் மைதீன். "காளை எறங்குனதும் அந்தக் காலித் தொட்டில் தானா மேலேருந்து வந்து, தரையில டொம்முனு இடிச்சது. அத மட்டும் சரி பண்ணுனாப் போதும்."

நான் குறுக்கிட்டேன். "எந்த ஊரு ராட்டினம்டா அது?"

"உசிலம்பட்டிப் பக்கமாம். கை மாறிக் கை மாறி வந்துச்சாம்."

அப்போது வந்த கோபம்தான். ராட்டினம் தெரிந்தவர்கள் என்று மீசையை முறுக்குகிறோமே, ராட்டினத்தின் அரிச்சுவடி என்ன? எதிர் எதிராக நான்கு தொட்டில். ஒரு பக்கம் ஆள் இருந்து எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் அது சமமாகச் சுற்றாது. கனத்த பக்கம் கீழே இழுக்கும். அதனால்தான் எல்லா ராட்டினக்காரர்களும் எதிர்த் தொட்டிலில் மணல் மூட்டையாவது வைப்பார்கள், இல்லாவிட்டால் பாரத்துக்கு என்று ஓர் ஆளையாவது உட்கார வைப்பார்கள். காலித் தொட்டிலை வைத்துக்கொண்டு ஒரு ராட்டினம் எண்ணெயில் வழுக்கியது போலச் சுற்றுகிறதென்றால்... ஏன் என்று ஒருவனாவது கேட்க வேண்டாமா?

அதனால் சொன்னேன். இது என் சினேகிதன் மலையாண்டியின் தாய்மாமனுக்கு நடந்தது. அவர் பேர் நல்லகாமன். சாலையில் தனியாக நடந்து வந்தவர் அவர்தான்.

நல்லகாமனுக்கு ஒரு கடைசித் தங்கை, இருளாயி; மலையாண்டிக்குச் சித்தி. கட்டினவன் ரங்கூனுக்குப் போனான், போனவன்தான்... ஒரு தகவலும் இல்லை. அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அண்ணனும் தங்கையும் எங்களை மாதிரிதான். சின்ன வயதிலிருந்தே ஒரு ராட்டினம் விடமாட்டார்கள். சிவனாண்டி என்று ஒருவன் அந்தப் பக்கம் ராட்டினம் வைத்திருந்தான். அவனிடம் பேசி, தங்கையைப் பாரத்துக்கு உட்காருகிற வேலையில் சேர்த்துவிட்டதே நல்லகாமன்தான். அவளுக்கும் சந்தோசம். நாள் முழுக்க ராட்டினம், அதற்குச் சோறும் போடுகிறார்கள் என்றால் கசக்குமா? மடியில் வறுத்த புளியங்கொட்டையைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவாள். மேலே போகும்போதும் கீழே வரும்போதும் கடித்துக்கொண்டே இருப்பாள். கடக்... கடக்... கீழே நிற்கிறவர்கள் தலையில் தோல் விழும். திட்டினால் சிரிப்பாள்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரெல்லாம் கதிகலங்கிக் கிடந்த வருஷம். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு பொட்டலில் திருவிழா. நல்லகாமன் அன்றைக்கு மாடு வாங்க வெளியூர் போயிருந்தார். ராத்திரி யாரோ ஒருவன், "ஏரோப்ளேன் வருது, ஏரோப்ளேன் வருது" என்று கத்தினான். காஸ் லைட்டையெல்லாம் அணைத்துவிட்டார்கள். இருட்டு... கூட்டம் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஓடுகிறது. ராட்டினத்தில் கீழ்த் தொட்டிலில் இருந்தவர்கள் குதித்து ஓடினார்கள். சிவனாண்டி அச்சில் ஒரு கட்டையைச் செருகிவிட்டு அவனும் ஓடிவிட்டான்.

இருளாயி உச்சியில்.

"எறக்கி விடுங்கண்ணே... எறக்கி விடுங்க..." ஓடினவர்கள் பல பேர் காதில் அது விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியும், அதில் ஒருவர் மலையாண்டியிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். ஒருத்தனும் திரும்பவில்லை.

காலையில் வந்து பார்த்தால் அச்சில் செருகின கட்டை தெறித்துக் கிடக்கிறது. அவள் இருந்த தொட்டில் தரையில் மோதி, பலகை பிளந்திருக்கிறது. அவளைக் காணோம். பக்கத்திலேயே ஒரு பாழுங்கிணறு. எட்டிப் பார்த்தவன் கிடையாது. ஏனென்றால் சிவனாண்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். "ராத்திரியே எறங்கி, வண்டிக்காரன் ஒருத்தன் கூடப் போயிட்டா. என் கண்ணால பாத்தேன்."

போதுமே! ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? புருஷன் இல்லாத பெண். ஓடிப்போய்விட்டாள் என்று சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். நல்லகாமன் வந்தார், கேட்டார், ரத்தம் கொதித்தது. அந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஓடிப்போனவளைச் செத்தவளாக வைத்துக் காரியம் செய்துவிடுவார்கள். அவர் பானை உடைத்தார். மொட்டை அடித்தார். தங்கையைத் தலைமுழுகினார். அவள் சேலையை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்.

ராட்டினத்திலேயே வளர்ந்த மனிதர்! உச்சித் தொட்டிலில் இருக்கிறவள் கீழே நின்று ஒருவர் சுற்றாமல் எப்படித் தானாக இறங்குவாள்? இந்த ஒரு கேள்வி அவருக்குத் தோன்றவில்லையே. மானம் போய்விட்டது என்ற கோபத்தில் மூளையும் கூடவே போய்விட்டது. அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் அடிக்கத்தான் கை வருகிறது.

இதைச் சொல்லும்போது எங்கள் தீ தணிந்துவிட்டது. பலகை போட ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஒரு வருஷம் போனது. நல்லகாமன் உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டை விற்றுவிட்டு, செக்கானூரணிக்கு நடந்து வருகிறார். நடுச்சாமம். புளியமர இருட்டு. சாலை ஓரத்துப் பொட்டலில் ஒரு ராட்டினம் நிற்கிறது. மறுநாள் திருவிழாவுக்கு நட்டு வைத்தது. பக்கத்தில் சிவனாண்டி, கள்ளுக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"வாண்ணே, ஏறு," என்கிறான். "முன்ன மாதிரி இல்ல இப்ப. பாரத்துக்கு ஆளே வேணாம். ஒத்தக் கையால தள்ளுனாப் போதும், பூ மாதிரி சுத்தும்."

ராட்டினப் பைத்தியம் யாரை விட்டது? நல்லகாமன் ஏறினார். சிவனாண்டி தள்ளினான். சுற்றியது. ஒரு குலுக்கல் இல்லை... விளக்கெண்ணெய் போட்ட அச்சில் சத்தம்கூட இல்லை. மேலே போனார், கீழே வந்தார். காற்றில் ஒரு வாசனை வந்தது. ஏதோ வறுபடுகிற வாசனை. மறுபடி மேலே... கீழே...

அப்புறம் அந்தச் சத்தம்.

கடக்.

ராட்டினம் மெதுவாக நின்றது. அவர் தொட்டில் கீழே. எதிர்த் தொட்டில் நேர் உச்சியில். அவர் தோளில் என்னவோ உதிர்ந்தது. தொட்டுப் பார்த்தார். புளியங்கொட்டைத் தோல். இன்னும் சூடு ஆறவில்லை.

"அண்ணே... எறக்கி விடச் சொல்லுண்ணே."

 நல்லகாமன் கத்தினார். "டேய் சிவனாண்டி, மேல ஆள் இருக்குடா! சுத்துடா! எறக்குடா!"

"மேல யாரும் இல்லண்ணே," என்றான் சிவனாண்டி. சொன்னவன் அண்ணாந்து பார்த்தான்... அவ்வளவுதான். வேட்டி அவிழ அவிழ ஓடினான். புளியமரத்து இருட்டில் போனவனை அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை.

நல்லகாமன் ஒரு காலைத் தரையில் வைக்கப் போனார். தொட்டில் அசைந்தது. மேலே ஒரு சின்ன அலறல்... காலை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது, அந்தப் பலகை ஏன் பிளந்தது, எல்லாம். அவர் இறங்கினால் கீழே பாரம் இல்லை. பாரம் இல்லாவிட்டால் உச்சியில் இருக்கிறது ஒரே வீச்சாகக் கீழே வரும்.

அவர் இறங்கவில்லை. விடிய விடிய அந்தக் கீழ்த் தொட்டிலில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "தாயி, எனக்குத் தெரியாமப் போச்சு தாயி," என்று ஒருதரம் சொன்னாராம்.  கடக்... கடக்... என்று கடிக்கிற சத்தம் மட்டும். தோளில் தோல் விழுந்துகொண்டே இருந்தது.

விடிகிற நேரம் சந்தை வண்டிக்காரர்கள் வந்தார்கள். "என்ன பெரியாளு, இங்க ஒக்காந்து தூங்குறீரு? எறங்கும்."

"நான் எறங்குனா அவ விழுந்துருவாப்பா. மொதல்ல சுத்தி அவள எறக்குங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

மேலே பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் என்ன, கை தேய்ந்துவிடுமா? மாட்டார்கள். நாலு பேராகப் பிடித்து, அவர் கத்தக் கத்தக் கீழே இழுத்துப் போட்டார்கள். ராட்டினம் தானாகப் புரண்டது. காலித் தொட்டில் மேலேயிருந்து வந்து தரையில் டொம்மென்று இடித்தது.

நல்லகாமன் இதையெல்லாம் மலையாண்டியிடம் மட்டும் ஒருதரம் சொன்னார், அதற்குப் பிறகு பேசவில்லை. அந்த ராட்டினம் எந்த ஊருக்குப் போனாலும் தேடிக்கொண்டு போவார். எதிர்த் தொட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வார். பிடித்து இறக்கி அடித்து விரட்டுவார்கள். போன மாசியில் அவரும் செத்துப்போனார். இனி அவளுக்காக உட்கார ஆள் இல்லை...

"இதுதான்டா நீ சொன்ன உசத்தி ராட்டினம்," என்றேன் மைதீனிடம். "எண்ணெய்ல வழுக்குதாம்ல! போய் மெச்சிக்கிட்டு வாங்க, போங்க!"

 மணலின் கடைசியில் அந்த ராட்டினம் இருட்டோடு இருட்டாக நின்றது.

கடக்.

பொரிகடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் காளையைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்திருந்தது. தாடை அசையாமல் நின்றுவிட்டது.

"என்னடா திங்கிறே?"

கையை விரித்துக் காட்டினான். "வறுத்த புளியங்கொட்டைண்ணே."

"எங்க வாங்குனே?"

"வாங்கலண்ணே. நான் கீழ இருக்கப்ப, எதிர்த் தொட்டில்ல இருந்த அக்கா மேலேருந்து மடியில போட்டுச்சு."

"எதிர்த் தொட்டில் காலிடா," என்றான் மைதீன். 

காளை அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"அது எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதாண்ணே கேட்டுச்சு. நீ எறங்குறதுக்கு முன்ன என்னைய எறக்கி விடச் சொல்லுன்னு. சரிக்கான்னு சொன்னேன்... ராட்டினம் ஏறுன சந்தோசத்துல மறந்து குதிச்சுட்டேண்ணே."