வேரின் கீறலைத் தேடிய மருத்துவர் மகாதேவி அம்மையாருக்கு

முகில் தவழும் மலைமேல் முகம் சுளிக்காது பணிபுரிந்த மருத்துவ மாமணியே! வலியோடு வந்தவர்க்கு வாய்மையும் சேர்த்து வழங்கிய வள்ளலே! எங்கள் பல் மருத்துவப் பிரிவின் தலைமையே, மகாதேவி அம்மையே, வணக்கம்!

அடைமொழிகளை இன்னும் அடுக்கலாம். கேட்டு நீங்கள் களைத்துப் போவீர்கள். நாங்களும் களைத்துத்தான் இருக்கிறோம். நாயுடுபுரத்திலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். பார்க்கும் கைகள்தாம் கூடவில்லை. ஆகவே உங்கள் பணிக்காலம் முழுவதையும் பாடாமல், ஒருவருக்கு நேர்ந்ததை மட்டும் இந்தப் பிரியாவிடை அவையில் சொல்கிறோம்.

பழனி அடிவாரத்தில், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவர்களை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பவர் சண்முகப்பிரியா. சிறுவயதில் அடிபட்ட அவருடைய முன்பற்கள் இரண்டுக்கும் வேர்ச் சிகிச்சை செய்து அடைத்திருந்தார்கள். பின்னாளில் இரண்டின் வேர்நுனியிலும் சீழ் கட்டியது. பிற மருத்துவர்கள் பிடுங்கச் சொன்னார்கள். அவரோ பேருந்தேறி உங்களிடம் வந்தார். ஈறைத் திறந்து, ஒரு பல்லின் வேர்நுனியை வெட்டி, அதிர்வுக் கருவியால் குழிசெய்து அடைத்தீர்கள். சில மாதங்களில் மறுபடி வீங்கியது. திறந்து பார்த்தால் வேர் நெடுக மயிரிழைக் கீறல்! அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. கழற்றி மாட்டும் செயற்கைப் பல்லோடு பேசுகையில் பெயர்களில் சீழ்க்கை கலந்தது. கூசிப்போய் ஒலிபெருக்கியை விட்டு அவர் விலகினார்.

"பேரே வெளங்காமக் கூப்புட்டா, தொலைஞ்ச புள்ள எப்படிங்க டாக்டரம்மா வரும்?" என்று உங்களிடம் கேட்டார்.

நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. "பழைய அடைப்பால கீறுச்சா, என் கருவியாலயான்னு எனக்குத் தெரியலம்மா. அது தெரியாம அடுத்த பல்லைத் தொட மாட்டேன்" என்றீர்கள்.

அன்று தொடங்கியது எங்கள் அயர்ச்சி! சோதித்துப் பார்ப்பதற்காக, மற்ற நோயாளிகளுக்குப் பிடுங்கிய பற்களை உரியவர்களிடம் கேட்டு வாங்கினீர்கள். காய்ந்தால் தானே வெடிக்குமென்று உப்புநீரில் இட்டுக் காத்தீர்கள். வேரை அடைத்து, நுனியை வெட்டி, சிலவற்றைச் சுழலும் ஊசியாலும் சிலவற்றை அதிர்வுக் கருவியாலும் குடைந்தீர்கள். கீறல் தெரியச் சாயம் தோய்த்து நுண்ணோக்கியில் நோக்கினீர்கள். மாலைதோறும் இதே வேலை. செவிலியர் இருளாயி ஒருநாள் பொறுமையிழந்தார்.

"சோலி முடிஞ்சும் செத்த பல்லுக்குக் காவலாக் கெடக்கோமே டாக்டரம்மா! வெரசா விடுங்க, மன்னவனூர் பஸ்ஸு போயிரும்."

"நீங்க கெளம்புங்க இருளாயி. எனக்குத் தூக்கம் வராது" என்றீர்கள். அவர் முணுமுணுத்தபடியே அமர்ந்துவிட்டார்.

முடிவு முழு ஆறுதல் தரவில்லை. சில வேர்கள் வெட்டும் முன்பே, அடைத்த அழுத்தத்திலேயே கீறியிருந்தன. ஆனால் அதிர்வை உச்சத்தில் வைத்துக் குடைந்தவற்றில், அதிலும் சுவர் மெலிந்த வேர்களில், கீறல் கூடுதலாய்த் தெரிந்தது. முதல் பல்லில் எது நேர்ந்தது என்பது கடைசிவரை விளங்கவில்லை. சண்முகப்பிரியாவிடம் அதையும் மறைக்காமல் சொன்னீர்கள். அவர், "நீங்களே பண்ணுங்க" என்றார். இரண்டாம் பல்லின் ஈறைத் திறந்து, வேர்முனையில் முதலில் கீறல் தேடினீர்கள். பிறகு நுனியைச் சாய்க்காமல் நேராக வெட்டி, நீர் பாய்ச்சி, அதிர்வைத் தணித்து, வேரின் சுவரை மெலியவிடாமல் நிதானமாய்க் குடைந்து அடைத்தீர்கள். அந்தப் பல் நிலைத்தது. பக்கத்து இடைவெளிக்கு அசையாத பல்லும் பொருத்தினீர்கள். அடுத்த தைப்பூசத்தில் அவர் குரல் மீண்டும் அடிவாரத்தில் ஒலித்தது.

பணிநீட்டிப்புக் கேட்டு நாங்கள் வந்தபோது, "போதும்ப்பா, குனிஞ்சு குனிஞ்சு நொந்த கழுத்து இனிக் கேக்காது" என்றீர்கள். எங்களுக்கு வருத்தம், ஆயினும் மறுக்க மனம் வரவில்லை.

சென்ற வாரம் சண்முகப்பிரியா பரிசோதனைக்கு வந்தார். "இனி ஒடையாதுல்லங்க?" என்றார்.

"சத்தியம் பண்ண மாட்டேம்மா. இன்னைக்குப் பாத்ததுல கெடுதல் ஒண்ணும் தெரியல. போய் மைக்கப் பிடி."

அவர் சென்றபின் கையுறையைக் கழற்றிவிட்டு, நோயாளியின் நாற்காலியில் சாய்ந்து கண்மூடினீர்கள். அதில் நீங்கள் சாய்ந்து நாங்கள் பார்த்ததேயில்லை. இருளாயி ஓசையின்றி விளக்கை அணைத்தார். வெளியே காத்திருந்த நோயாளிகளை நாங்கள் அடுத்த அறைக்கு அழைத்துக்கொண்டோம்.

அம்மையே! கழுத்து நோவு தணிந்து, கனவற்ற உறக்கம் கனிந்து, அவசரமில்லாக் காலைகள் ஆயிரமாயிரம் நீங்கள் காண்க!

அயர்வோடும் அன்போடும்,
பல் மருத்துவப் பிரிவின் பணியாளர்கள்,
கொடைக்கானல்.