சட்டிப் பக்கம், சேணப் பக்கம்

சமர்பெக்: நீ வலதுன்னு சொன்னே, நான் வலதுலதான் வந்தேன். இப்ப குதிரைக்குட்டி கட்டுற கயித்துல குப்புறக் கிடக்கேன்.

உல்கான்: நீ வலதுல வரலப்பா. இடதுல வந்தே.

சமர்பெக்: ஆறு வயசு ஆளு எனக்கு வலதுகை காட்டித் தர்றியா? இந்தா, ரொட்டி பிய்க்கிற கை. இது வலதா, இல்லையா?

உல்கான்: கை சரி. ஆனா வலது பக்கம் அங்கல்ல இருக்கு.

சமர்பெக்: அங்கன்னா... எங்க?

உல்கான்: அங்கதான்! விரல் நீட்டிக் காட்டறேனே!

சமர்பெக்: கண்ணைக் கட்டிக்கிட்டு இருக்கிறவன்கிட்ட விரலைக் காட்டறே. நல்ல ஆளு.

உல்கான்: ஐயோ... மறந்துட்டேன்.

சமர்பெக்: சிரிச்சது போதும். ‘அங்க’, ‘இங்க’, ‘இதோ’... இன்னையோட நமக்கு வேண்டாம். எதுக்கு முன்னால, எதுக்குப் பின்னால, எதுக்கும் எதுக்கும் நடுவுல... அப்படிச் சொன்னாத்தான் எனக்கு வழி. சரி, உன் வலது பக்கம் எது? சொல்லு.

உல்கான்: அம்மா சட்டி பானை இருக்கிற பக்கம். நீதானே சொல்லிக் குடுத்தே? கூடாரத்துல நுழைஞ்சா வலது பக்கம் அம்மா சட்டி, இடது பக்கம் உன் சேணம்னு.

சமர்பெக்: அது நுழையும்போதுடி. இப்ப வெளிய வந்து நிக்கிறோம். நாம திரும்பிட்டோம்ல?

உல்கான்: நாம திரும்பினா சட்டி ஏன் திரும்பணும்?

சமர்பெக்: இரு... முதல்ல எழுந்து உட்கார்றேன். ஆ... முழங்கால்!

உல்கான்: அப்பா? அடி பலமா?

சமர்பெக்: பேசாம இரு... யோசிக்கிறேன். என் வலது என்கூடவே திரும்புது. உன் வலது கூடாரத்தோட நிக்குது. நாளைக்குப் பந்தயத்துல நீ தம்பி பக்கத்துல, என் எதிர்ல நின்னு கத்தப் போறே. அப்ப உன் வலதுகை எனக்கு இடதுகை... ரெண்டு பேரும் குழம்பித்தான் போவோம். ஆனா சட்டி? நீ எப்படி நின்னாலும், நான் எப்படி ஓடினாலும், அது இருக்கிற பக்கத்துலயே இருக்கும். அடி கள்ளி! உன் கணக்குதான் சரி!

உல்கான்: அப்ப நான் தப்பு இல்லையா?

சமர்பெக்: இல்லவே இல்ல. வலதையும் இடதையும் தூக்கிப் போடு. இனிமே இந்த மேய்ச்சல் நிலம் முழுக்கச் சட்டிப் பக்கம், சேணப் பக்கம்தான். வாசல்லேருந்து மறுபடி ஓடறேன். கத்து!

எர்மெக்: மச்சான்! தரையில உட்கார்ந்து என்ன பண்றீங்க? எங்க அக்கா பார்த்தா என் தோலை உரிப்பா.

சமர்பெக்: காத்து வாங்கறோம் மாப்ள.

எர்மெக்: முழங்கால் கிழிய யாராவது காத்து வாங்குவாங்களா? நாளைக்கு ஓடற நெனப்பு இருந்தா விட்டுடுங்க. உங்க பையன் முதல் அடி வைக்கிற விசேஷத்துல, முதல்ல ஓடி வர்றவன்தான் அவன் கால்ல கட்டுன கயித்தை அறுக்கணும். அறுத்தவன் மாதிரிதான் பையன் நடப்பான்னு எல்லாரும் நம்பறாங்க. கண்ணுல கட்டோட ஒருத்தர் தடுமாறி விழுந்தா என்ன பேசுவாங்க?

சமர்பெக்: என் பையன் கயித்தை நான் அறுக்கணும். அவ்வளவுதான்.

எர்மெக்: நான் ஓடறேன், நான் அறுக்கறேன். நீங்க கம்பளத்துல உட்கார்ந்து குதிரைப்பால் குமிஸ் குடிங்க.

சமர்பெக்: நீ ஓடு, வேண்டாங்கல. ஜெயிச்சா அறு.

*

எர்மெக்: பந்தயக் கோடு வரைக்கும் உங்களை யாரு மச்சான் கூட்டிட்டு வந்தது?

சமர்பெக்: யாரும் இல்ல. கூடாரம் முதுகுக்குப் பின்னால. அடுப்புப் புகை சட்டிப் பக்கத்துலேருந்து வருது. போதாதா?

எர்மெக்: சட்டிப் பக்கமா? அது எந்தப் பக்கம்?

சமர்பெக்: கொம்பு ஊதிட்டாங்க மாப்ள, ஓடு!

உல்கான்: அப்பா! நேரா! நேரா! நேரா! சேணம்... கொஞ்சம் சேணம்... போதும்! நேரா!

எர்மெக்: இந்தப் புள்ள... என்ன கத்துது... சேணமா?

உல்கான்: சட்டி! சட்டி! இன்னும் சட்டி! குட்டி கட்டுற கயித்துக்குக் கிட்ட போயிட்டே! ஆங்... இப்ப அடுப்புக்கும் கயித்துக்கும் நடுவுல இருக்கே! ஓடுப்பா!

எர்மெக்: மச்சான்! கீழ கல்லு...!

உல்கான்: தாண்டு! தாண்டிட்டே! மாமா உனக்குப் பின்னால! எல்லாரும் உனக்குப் பின்னால! நேரா, நேரா... நில்லு! தம்பி உன் முன்னால. ரெண்டு அடி. குனி.

சமர்பெக்: தம்பி... டேய்... இது உன் தலைதானே?

உல்கான்: காது அது. அப்படியே கீழ இறங்கு. கறுப்பும் வெள்ளையும் முறுக்குன கயிறு, ரெண்டு காலுக்கும் நடுவுல.

சமர்பெக்: பிடிச்சுட்டேன். கத்தியைக் கையில குடு... விரலை நடுவுல விட்டுட்டேன்... அறுத்தாச்சு!

உல்கான்: நடக்கறான்! அப்பா, நடக்கறான்! ஒண்ணு... விழல... உன்னை நோக்கித்தான் வர்றான்!

சமர்பெக்: வந்துட்டான். ஹா! முட்டியிலயே மோதறான் பாரு! எவ்வளவு வேகம்!

எர்மெக்: ஹூ... மூச்சு... மச்சான், நான் நியாயமா தோக்கல. விழுந்துட்டீங்களோன்னு திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதான்.

சமர்பெக்: நான் ஒரு தடவைகூடத் திரும்பலையே. அதான்.

எர்மெக்: அதோ, அக்கா அழறா. எல்லாரும் எழுந்து நின்னு கத்தறாங்க, கேக்குதா? ஒத்துக்கறேன்... பையன் உங்களை மாதிரியே நடக்கட்டும். அந்தச் சுண்ணாம்பு கண்ணுல தெறிச்ச அன்னைக்கு என்ன ஆகுமோன்னு பயந்து செத்தேன். அடுத்த மாசம் டாக்டர் கட்டை அவிழ்க்கட்டும். அப்ப ஓடுவோம், நிஜப் பந்தயம்.

உல்கான்: அப்பா... சொல்லிடவா?

சமர்பெக்: நீ சொல்ல வேண்டாம் கண்ணு. நான் சொல்றேன்.

எர்மெக்: என்ன? என்ன சொல்லணும்?

சமர்பெக்: டாக்டர் போன வாரமே வந்து அவிழ்த்துட்டார் மாப்ள. உங்க அக்கா பால் கறக்கப் போயிருந்தா, இவ மட்டும்தான் கூட இருந்தா. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, இனிமேலும் தெரியாதாம். விசேஷம் முடியட்டும்னு நாங்க ரெண்டு பேருமா என் கண்ணுல துணியைத் திரும்பக் கட்டிட்டோம். இப்ப உங்க அக்காகிட்ட நானே போய்ச் சொல்லப் போறேன். இன்னைக்கு ஓடினது கயித்துக்கு மட்டும் இல்ல... இப்படியே ஓட முடியுமான்னு பார்க்கத்தான். முடியுது மாப்ள!