கோ-டூ எழுதினவன் கேக் வாங்கணும்

— இல்ல வீட்ஸ்கே, நர்ஸ் மேல தப்பே இல்ல. தப்பு பம்புக்கு நான் எழுதின புரோகிராம் வரியில. இதோ, ஸ்கிரீன்லயே இருக்கு பாருங்க.

— மெதுவா பேசு யெல்லே, கதவு திறந்து கிடக்கு. செத்துப்போன அந்தம்மாவுக்கு எண்பத்தோரு வயசு, புற்றுநோய் வேற. வலிக்கு மருந்து ஏத்துற நம்ம மார்ஃபின் பம்ப் இல்லாட்டி மட்டும் எத்தன நாள் இருந்திருப்பாங்க?

— அதுக்காக? மருந்து அளவு தாண்டினா மோட்டார் நிக்கணும். பிளக்குல ஓடுறப்ப நிக்குது. பேட்டரியில ஓடுறப்ப நிக்கல. கட்டிலை ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப மொத்த மருந்தும் உள்ள போயிடுச்சு.

— முன்னாடி நின்னுச்சே!

— முன்னாடி கோ-டூ இருந்துச்சு. "அளவு தாண்டிச்சா, நேரா தாவிப் போய் மோட்டாரை நிறுத்து"ன்னு ஒரே வரி. எத்தன நிபந்தனைக்குள்ள மாட்டியிருந்தாலும் வெளிய குதிச்சிடும். நீங்கதான் அசிங்கம்னீங்க.

— அசிங்கம்தான். கோ-டூ எழுதினவன் ஆபீசுக்கே கேக் வாங்கணும்னு நான் சும்மாவா சட்டம் போட்டேன்? நாளைக்கு எவன் படிச்சாலும் புரிய வேணாமா?

— கேக் வாங்கி வாங்கி மானமே போச்சு. பக்கத்து சீட்டு பியெட் அதுல மெழுகுவர்த்தி வேற ஏத்தி வைப்பான். அதான் கோ-டூவ எடுத்துட்டு, 'வெளிய வா'ன்னு சொல்ற பிரேக் கட்டளைய போட்டேன். அது உள்ரூமை விட்டுத்தான் வெளிய வந்துச்சு, வீட்டை விட்டு வரல. மோட்டார் அது பாட்டுக்கு ஓடியிருக்கு.

— நீ மாத்தினத நானும்தான் படிச்சேன். எவ்ளோ அழகா இருந்துச்சு!

— இப்ப அந்த நர்ஸ் பொண்ண போலீஸ் விசாரிக்குது. பாவம், அழுதழுது கண்ணு வீங்கிக் கிடக்கா. நான் கோ-டூவையே திரும்ப வச்சிடறேன். இன்னைக்கே அனுப்பிடலாம்.

— உனக்கென்ன பைத்தியமா? திரும்ப வச்சா, எடுத்ததுதான் ஆளைக் கொன்னுச்சுன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி. அடுத்த மாசம் புது வெர்ஷன் போறப்ப சத்தமில்லாம வேற விதமா சரி பண்ணிக்கலாம்.

— அதுவரைக்கும் வார்டுகள்ல ஓடுற பம்ப்?

— பேட்டரியில எப்பவாச்சும்தான்பா ஓடும். ஒண்ணும் ஆகாது. எனக்கு மட்டும் பயமில்லன்னு நினைக்கிறியா? இத்தன குடும்பம் இத நம்பிப் பிழைக்குது.

— காலைல குரோனிங்கன் ஆஸ்பத்திரியில இருந்து உங்களுக்கு போன் வந்துச்சா?

— வந்துச்சு. பம்ப்ல கோளாறு உண்டான்னு கேட்டாங்க. இல்ல, தாராளமா ஓட்டுங்கன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

— இத நீங்களா சொல்றீங்களான்னுதான் பார்த்தேன். நான் இப்ப அவங்ககிட்ட பேசிட்டுதான் வரேன். எல்லா பம்பையும் கழட்டச் சொல்லிட்டேன்.

— யாரைக் கேட்டுச் சொன்ன? என்னைக் கேட்டியா?

— கேக்கறதுக்கு எங்க நேரம் இருந்துச்சு? உங்க வார்த்தைய நம்பி, மத்தியானம் இன்னொருத்திக்கு மாட்டி ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போயிருக்காங்க. வழியிலேயே மூச்சு நின்னுடுச்சு. புள்ள பெத்து மூணு நாள்தான் ஆகுதாம் வீட்ஸ்கே.