துணைக்குப் போனவள்

எனக்கு ஆரஞ்சு ஜூஸ் கலக்க நன்றாக வரும், டாக்டர். தங்கை லோஷினியின் மாத்திரை லேசில் கரையாது. அவசரப்பட்டால் அடியில் மாவாகத் தங்கிவிடும். நான் நிதானமாகக் கலக்குவேன். கடைசிச் சொட்டுவரை அவள் குடித்த பிறகுதான் கோப்பையை வாங்குவேன்.

தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆள் வேண்டும் என்று, பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு என் படிப்பு நின்றது. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இருந்தார். அடிக்கடி விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும். "தொணைக்குப் போய்ட்டு வா," என்றார். போனேன். எங்கள் ஊர் சாஆவிலிருந்து மருத்துவமனை இருக்கும் சிகாமட்வரை பேருந்தின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். அவளுக்கு ரத்தம் ஏறும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஏறும் ரத்தத்தோடு இரும்பும் சேர்ந்து உடம்பில் படியும்; அதை வெளியேற்றத்தான் அந்த மாத்திரை. தாதிகளுக்கு என் பெயர் தெரியாது. "லோஷினி அக்கா" என்பார்கள். எனக்கு அதில் குறை இல்லை.

பிறகு நீங்கள் சிங்கப்பூரில் நடக்கும் அந்தச் சோதனைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்கும் புரிய வேண்டும் என்று மெதுவாகச் சொன்னீர்கள். கருவில் ஓடிய ரத்தம் லோஷினிக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறந்த பிறகு உடம்பு அதைப் பூட்டிவிடுகிறது. அவளுடைய செல்களை வெளியே எடுத்து, பூட்டச் சொல்லும் கட்டளை எழுதியிருக்கும் இடத்தில் வெட்டுவார்கள். செல் அவசரமாக ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் எழுத்துப் பிசகும். பூட்டு அதன்பின் வேலை செய்யாது; கருவில் ஓடிய ரத்தம் மறுபடி ஊறும். மஜ்ஜையில் மிச்சமிருக்கும் பழைய செல்களைக் கடும் மருந்தால் அழித்துவிட்டு, வெட்டியவற்றைத் திரும்ப ஏற்றுவார்கள்.

"கத்திரிக்கோலுக்குக் கண்ணு கிடையாதும்மா. கூடவே ஒரு துணை போகும். அது எந்த எடத்தக் காட்டுதோ, அங்கதான் வெட்டும்," என்றீர்கள்.

"எங்க அக்கா மாதிரி," என்று லோஷினி சிரித்தாள்.

"எடம் மாறி வெட்டிட்டா?" நான் உங்களிடம் கேட்ட ஒரே கேள்வி அது. அபூர்வமாக நடக்கலாம் என்றீர்கள். பயந்தேன், டாக்டர். காரணம் அதுதான்.

அன்று பேருந்தில் அவள் வாய் ஓயவில்லை. கல்லூரி, ஜொகூர் பாருவில் அறை, கூடத் தங்கப்போகும் தோழிகள். "அக்கா, எனக்குச் சரியாயிட்டா நீ என்ன லா செய்வ? யாருக்கு ஜூஸ் கலக்குவ?" விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செம்பனை.

நோய் இருக்கிற இடத்தை அந்தச் சிகிச்சை தொடுவதே இல்லை என்று நீங்கள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நானும் அவளைத் தொடவில்லை. இதயத்தில் இரும்பு படிந்திருந்தால் அந்தச் சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். மாத்திரையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அம்மா எலும்புக்குச் சாப்பிடும் கால்சியம் மாத்திரையை இடித்துக் கலக்கினேன். அதுவும் வெள்ளைதான்.

"ருசி வேற மாதிரி இருக்கே."

"கம்பெனி மாத்திட்டாங்களாம். குடி."

குடித்தாள். நான் கொடுத்தால் குடிக்கிற பிள்ளை.

இதய ஸ்கேன் முடிவு வந்த அன்று நீங்கள் அவளைத்தான் திட்டினீர்கள். "பொய் சொல்லாத. மருந்து ஒழுங்கா எடுத்தா இரும்பு இப்படி ஏறாது."

"ஒரு நாளும் விட்டதில்ல டாக்டர். அக்காவக் கேளுங்க," என்று அழுதாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். எனக்குப் பலர் முன்னால் பேச வராது. தலையைக் குனிந்துகொண்டேன். தங்கையைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் குனிகிறேன் என்று நினைத்து, நீங்கள் என் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நீங்கள் மருந்தைக் கூட்டி எழுதினீர்கள். இரும்பு இறங்கினால் அவள் பெயரை மறுபடி சேர்ப்பதாகவும் சொன்னீர்கள். அதனால் நிறுத்த முடியவில்லை.

இதயம் இவ்வளவு தளரும் என்று எனக்குத் தெரியாது. ஆமாம், அம்மாவின் மாத்திரைகள் சீக்கிரம் தீர்ந்ததும் என்னால்தான். எல்லாம் நான்தான் செய்தேன். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

என்னை வார்டுக்குள் விடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறீர்களாம். அதை மட்டும் மாற்றுங்கள், டாக்டர். லோஷினியால் இப்போது தனியாக எழுந்து உட்காரக்கூட முடியாது. அவளுக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.