கால் கட்டைவிரலில் ஒரு நூல்

எழுபதுகளில் ஒரு காலை, கரமனை பஸ் நிறுத்தம். நேமம் வண்டி இருபத்திரண்டு நிமிடம் தாமதம். எனக்கு முன்னால் ஓட்டல் வேலைக்காரர்கள் இருவர். ஒல்லியானவன் கையில் துணிப்பை இருந்தது.

"ஊருக்கே போயிருதேன்லே. ராத்திரி தூக்கத்துல முழிப்பு இருக்கு, கை கால் அசையாது. நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி. இந்த வாரம் நாலு தடவ. படுக்கவே பயமா இருக்கு."

"அமுக்குவான் பேய்க்கு நாகர்கோவில் வழி தெரியாதாக்கும்?" என்றான் தடித்தவன்.

"சிரிக்காதலே. பைத்தியம் பிடிச்சிருமோன்னு இருக்கு."

தடித்தவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு, "அப்போ எதுவுமே அசையாதா?" என்று கேட்டான்.

"கால் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் ஆடும்."

"பின்னே என்னலே? பார்சல் கட்டுத நூல உன் விரல்ல ஒரு முனை, என் விரல்ல ஒரு முனை கட்டுவோம். பக்கத்துலதானே படுக்கோம். நீ ஆட்டு, நான் உலுக்கி எழுப்புதேன்."

நாகர்கோவில் வண்டி வந்து நின்றது. ஒல்லியானவன் ஏறவில்லை. வண்டி போயிற்று.

"மூணு சுத்து சுத்தணும், கேட்டியா? அவுந்துரக் கூடாது," என்றான்.

"சுத்துலே. ஆனா எனக்கு மூத்திரம் முட்டினா நீயும் எந்திரிச்சு கூட வரணும்."